ஊதினால் ஒட்டும் முழங்கை

ஊதல் ஐயாவைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் இரண்டே வகை. ஒன்று, பிள்ளை பெறாதவர்கள். மற்றொன்று, பெற்ற பிள்ளை இன்னும் கீழே விழாதவர்கள். மீதிப் பேர் எல்லோரும் என்றாவது ஒருநாள் அந்தக் குறுகிய மாடிப்படியில் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே மனம் உருகியவர்கள்தான்.

"எங்க பொண்ணுக்கு ஏழு விரிசல். மூணே ஊது. இப்ப கயிறு தாண்டுறா."

"ஏழெல்லாம் ஒரு விரிசலா? எங்க அண்ணன் பையனுக்குப் பதினொண்ணு. ஐயா எண்ணும்போதே எனக்குத் தலை சுத்திருச்சு."

படிக்கட்டில் இப்படித்தான் பேச்சு நடக்கும். விரிசல் குறைவாக உள்ள பிள்ளையின் தாய்க்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும்.

ஐயாவின் மருத்துவம் முழங்கைக்கு மட்டும். அதுவும் குழந்தைகளின் முழங்கைக்கு மட்டும். பெரியவர்கள் யாராவது முழங்கையைத் தேய்த்துக்கொண்டு மேலே ஏறி வந்தால், "உங்க எலும்புல நம்பிக்கை காய்ஞ்சு போச்சு, நான் ஊதினா ஏறாது" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல அவர் என்ன பள்ளிக்கூட வாத்தியாரா?

வைத்திய முறை எளிமையானது. கீழ்த்தளத்தில் ஐயாவின் மச்சான் வைத்திருக்கும் எக்ஸ்ரே கடையில் படம் எடுக்க வேண்டும். மேலே வந்து ஐயாவிடம் தர வேண்டும். ஐயா அதை விளக்குப் பெட்டியில் மாட்டி, கண்ணை மூடி, கண்ணைத் திறந்து, விரிசல்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டுவார். விரிசல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதுதான் வேடிக்கை. பொய் சொல்கிற மந்திரவாதி பேயைக் காட்ட முடியாமல் திண்டாடுவான். ஐயாவோ பளிச்சென்று விளக்கைப் போட்டுக் காட்டினார். பிறகு முழங்கையில் எண்ணெய் தடவி இழுத்து நீவி, உஃப் என்று ஊதுவார். இதற்கு முன் அவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். அங்கே காற்றடிக்கப் பம்பாவது தேவைப்பட்டது.

அந்த ஊரில் ஒரு தையல்காரி இருந்தாள். அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகன். பெயர் எதற்கு, தெருவே அவனை வாலு என்றுதான் கூப்பிடும். அந்த வாலு விளையாட்டுத் திடலில் சறுக்கு மரத்தில் கீழிருந்து மேலே ஏறப்போய், இடது கையை ஊன்றி விழுந்தான். முழங்கையின் வெளிப்பக்கம் பந்தாக வீங்கிவிட்டது. தையல்காரி மிஷினில் இருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, அளவு நாடா கழுத்தில் தொங்கத் தொங்க அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

எலும்பு டாக்டரம்மா கையை மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். உள்பக்கம் அழுத்தியபோது வாலு சும்மா இருந்தான். வெளிப்பக்கம் விரல் பட்டதும் கத்தினான். விரல்களை ஆட்டச் சொன்னாள், ஆட்டினான். பிறகு இரண்டு கைகளையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள்.

"நல்ல கைய எதுக்கு டாக்டர் எடுக்கணும்?" என்றாள் தையல்காரி. சந்தேகம் வந்தால் வாயில் வைத்துக்கொண்டிருக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

டாக்டரம்மா அவள் கழுத்தில் கிடந்த நாடாவைப் பார்த்தாள். "நீங்க தைக்கிறவங்கதானே? சட்டைக்கு வச்ச கை ஒண்ணு கோணலா இருக்குதோன்னு சந்தேகம் வந்தா என்ன செய்வீங்க?"

"இன்னொரு கையோட சேத்து வச்சுப் பாப்பேன்."

"நானும் அதைத்தான் செய்யப்போறேன்."

படங்கள் வந்தன. டாக்டரம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். தையல்காரி எட்டிப் பார்த்தாள். எலும்பு துண்டு துண்டாகத் தெரிந்தது, நடுநடுவே கறுப்புக் கோடுகள்.

"ஐயோ, இத்தனை இடத்துலயா உடைஞ்சிருக்கு?"

"பயப்படாதீங்க. இது நல்ல கை" என்றாள் டாக்டரம்மா. "சின்னப் பிள்ளைங்க முழங்கை இப்படித்தான் இருக்கும். இந்தக் கோடெல்லாம் குருத்தெலும்பு. எலும்பு வளர்ற இடம். குருத்து எக்ஸ்ரேல விழாது, அதனால வெறும் இடைவெளி மாதிரி தெரியும். வளர்ந்து பெரியவனானா அதுவும் எலும்பா முத்திப்போகும், கோடு மறைஞ்சிரும். இப்ப அந்தக் கையப் பாருங்க. இந்தக் கோடு ரெண்டுலயும் இருக்கா? இருக்கு. இதுவும் இருக்கு. ஆனா வெளிப்பக்கத்துல இந்தக் குமிழ் மட்டும் நல்ல கையில இருக்கிற இடத்துல இல்ல."

தையல்காரி பார்த்தாள். ஆமாம், இல்லை. எலும்பு வளரும் அந்தக் குருத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு அந்தத் துண்டு விலகிப்போய், தலை திரும்பி நின்றது.

"இது தானா சேராது. முன்கைத் தசை அதைக் கீழ இழுத்துக்கிட்டே இருக்கும். திறந்து, எடுத்து, அதோட இடத்துல உக்கார வச்சு ரெண்டு மெல்லிசுக் கம்பி போடணும். மேல மாவுக்கட்டு. ஒரு மாசத்துல கம்பிய உருவிரலாம். தள்ளிப்போட்டா எலும்பு சேராம நின்னுடும். பிள்ளை வளர வளர கை வெளிப்பக்கமா கோணிக்கும். பெரியவனானப்புறம் சுண்டுவிரல் மரத்துப்போகும். இப்ப தாங்கலுக்கு ஒரு கட்டு போட்டு விடுறேன். ஆபரேஷன் வரைக்கும் அதைப் பிரிக்காதீங்க, யாரும் இழுக்கவோ நீவவோ கூடாது. நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க."

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் ஒரு வீட்டில் குழப்பம் வருமா என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் நாத்தனார் இருந்தாள்.

"கம்பியா?" என்றாள் நாத்தனார். "அது பிள்ளை கையா, இல்ல துணி காயப்போடுற கொடியா? ஊதல் ஐயா ஒருத்தர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது கத்தி எதுக்கு?"

தையல்காரியின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். கயிறு, கப்பி, பிரேக் எல்லாவற்றையும் மூன்று முறை சோதிக்காமல் எந்த லிஃப்டிலும் கால் வைக்க மாட்டான். அவ்வளவு கறாரான மனிதன். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அந்தக் கறாரைக் கருவிப் பையோடு சேர்த்துப் பூட்டிவிட்டு வருவான்.

"அக்கா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றான். "ஒரு தடவை காட்டிட்டு வந்துரலாமே. ஊதுறதுதானே. ஊதினா என்ன குறைஞ்சிரப்போகுது?"

"நாள் குறையும்" என்றாள் தையல்காரி.

அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். மறுத்தால், அவள் அசந்த நேரம் பார்த்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் கூடவே போனாள். எக்ஸ்ரே உறையை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

மாடியில் ஒரு பெரிய கூடம். சுவரெங்கும் எக்ஸ்ரே படங்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கின. ஒவ்வொரு ஜோடியின் கீழும் எழுதியிருந்தது: 'ஆறு வயதில் விரிசல், பதினெட்டு வயதில் விரிசல் இல்லை.' கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. தையல்காரியும் பார்த்தாள், அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஊதாத பிள்ளைக்கும் பதினெட்டு வயது ஆகத்தானே செய்யும். பிள்ளைகள் பாட்டுக்கு வளர்ந்து தொலைத்ததற்கு ஐயா பில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஐயாவின் நாற்காலிக்கு நேர் மேலே, தனி விளக்கோடு, கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு படம். அதில் ஒரு கோடும் இல்லை, வழவழவென்று ஒரே எலும்பு. அது ஐயாவின் சொந்த மகளுடைய முழங்கை என்றும், அவளுக்கு ஏழு வயது என்றும், தினமும் காலையில் ஐயா ஊதுவதால் விரிசல் என்பதே அண்டாத கை அது என்றும் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் சொன்னாள். அந்த மகளே கூடத்தின் மூலையில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

இவர்கள் முறை வந்தது. வாலு அப்பாவின் மடியில் உட்கார்ந்தான்.

"படம் இருக்கா?" என்றார் ஐயா.

தையல்காரி உறைக்குள் கைவிட்டாள். அந்த நொடியில்தான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. இரண்டு படங்களில் நல்ல கையின் படத்தை உருவிக் கொடுத்தாள். எந்தக் கை என்று படத்தின் ஓரத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் குறித்திருந்தார்கள். ஐயா ஓரத்தைப் பார்க்கிற ஆள் அல்ல.

கண்ணை மூடினார். திறந்தார். "மூணு விரிசல்" என்றார். கூடம் உச்சுக்கொட்டியது. "இந்தா ஒண்ணு. இது ரெண்டு. இதுதான் பொல்லாதது, மூணு. டாக்டர் எத்தனைன்னு சொன்னாரு?"

"ஒண்ணுதான் சொன்னாங்க" என்றாள் நாத்தனார் முந்திக்கொண்டு.

"ஒண்ணாம்" என்று ஐயா கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. "ஒம்பது நாள் வரணும். ஊதல் ஏறணும்னா கம்பி கிம்பி போடக்கூடாது. இரும்பு இருந்தா என் மூச்சு உள்ள போகாது. ஆஸ்பத்திரிக்கு வரலைன்னு சொல்லிருங்க. இப்ப அந்தக் கட்டைப் பிரிங்க, இழுத்து நீவி விடுறேன்."

லிஃப்ட் மெக்கானிக் கட்டின் முடிச்சில் கை வைத்தான். வாலு அப்போதே அழத் தொடங்கிவிட்டான்.

தையல்காரி கணவனின் கையைத் தட்டிவிட்டாள். "ஐயா, ஒரு நிமிஷம். பிள்ளைக்கு அடிபட்டது இடது கை. நான் கொடுத்தது வலது கை படம். நல்ல கை. இங்க குறிச்சிருக்கு பாருங்க. நல்ல கையில உங்களுக்கு மூணு விரிசல் எப்படித் தெரிஞ்சுது?"

இத்தோடு கதை முடிந்தது என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்குக் கூட்டத்தைப் பற்றித் தெரியாது.

ஐயா அசரவில்லை. தாடையைத் தடவினார். "அம்மா, இடது கையில விழுந்தான். அந்த அதிர்ச்சி எங்க போகும்? நெஞ்சு வழியா வலது கைக்குத்தான் போகும். அதை உங்க டாக்டர் பாக்கல. நான் பாத்தேன்."

"கேட்டியா?" என்றது ஒரு குரல். "முறியாத கையிலயே முறிவு கண்டுபிடிக்கிறாரு."

"முறிஞ்ச கையில எவன் வேணா கண்டுபிடிப்பான்" என்றது இன்னொரு குரல்.

நாத்தனார் கண்ணீர் மல்க, "அப்ப ரெண்டு கையையும் ஊதிருங்க ஐயா" என்றாள்.

தையல்காரிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கூடவே பயமும். விடிந்தால் ஆபரேஷன். இந்த ஆள் இப்போது அந்தக் கையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால், விலகி நிற்கிற துண்டு எங்கே போய் நிற்குமோ. அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை என்று குரலை இறக்கிக்கொண்டாள்.

"எனக்குப் புரியல ஐயா, கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன். அப்ப கீழயே விழாத பிள்ளைக்கு விரிசல் இருக்காதா?"

"இருக்காது."

"உங்க பொண்ணு மாதிரி."

"என் பொண்ணு மாதிரி" என்று ஐயா பெருமையோடு தலைக்கு மேலே கை காட்டினார்.

"அந்தப் படத்தைப் பக்கத்துல பாக்கணும் போல இருக்கு. எல்லாரும் பாக்கணும்."

கூட்டத்துக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. விரிசலே இல்லாத கையை அருகில் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? "இறக்குங்க ஐயா, இறக்குங்க" என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது. ஓர் உயரமான ஆள் ஐயாவின் பதிலுக்குக் காத்திராமல் நாற்காலிமேல் ஏறிச் சட்டத்தைக் கழற்றிக் கொடுத்தே விட்டான். பக்தர்களைவிட வேகமான எதிரி ஒரு மோசடிக்காரனுக்கு வாய்ப்பதில்லை.

தையல்காரி முதலில் தன் மகனின் நல்ல கையை அவனுடைய படத்தின்மேல் வைத்தாள். கை படத்துக்கு ஏறக்குறையப் பொருந்தியது. "பாத்துக்கோங்க. கை எவ்வளவோ படமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்" என்றாள். பிறகு மூலையைப் பார்த்து, "பாப்பா, இங்க வாம்மா, உன் கையையும் இது மேல வைக்கிறியா?" என்றாள்.

பாப்பா சந்தோஷமாக எழுந்து வந்தாள். வெகுநேரமாக யாரும் அவளைக் கவனிக்கவில்லை. கண்ணாடிமேல் முழங்கையை வைத்தாள். பிஞ்சுக் கை. அதற்கு இரண்டு பக்கமும் படத்தில் இருந்த எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தையல்காரி கழுத்து நாடாவை எடுத்து, குழந்தையின் முழங்கை அகலத்தை வைத்து விரலால் பிடித்தாள். அந்த நாடாவை அப்படியே படத்தில் இருந்த எலும்பின்மேல் வைத்தாள். நாடா மறுஓரத்தைத் தொடாமலே நின்றுவிட்டது.

"சதை, தோல் எல்லாம் சேத்து அளந்தாலே இவ்வளவுதான் வருது" என்றாள். "உள்ள இருக்கிற எலும்பு மட்டும் எப்படி இதைவிடப் பெருசா இருக்கும்? ஏழு வயசுப் பொண்ணுக்கு ஆம்பளை சட்டையப் போட்ட மாதிரில்ல இருக்கு."

லிஃப்ட் மெக்கானிக் மெதுவாக எழுந்து வந்தான். நாடாவைத் தானே வாங்கி அளந்தான். இன்னொரு முறை அளந்தான். மூன்றாவது முறையும் அளந்தான். கருவிப் பையில் பூட்டி வைத்த புத்தி அப்போதுதான் வெளியே வந்தது.

"ஐயா" என்றான், "இது வளர்ந்த ஆளு கை."

ஐயாவின் நெற்றியில் வேர்வை. "நம்பிக்கை இருக்கிறவங்களுக்குப் படம் பெருசாத் தெரியும்" என்று ஆரம்பித்தார். முன்வரிசையில் இரண்டு பேர் அதற்கும் தலையாட்டத் தயாராக இருந்தார்கள் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அதற்குள் பாப்பா தையல்காரியின் சேலையை இழுத்தாள். "அத்தை, நீங்க இந்தக் கைய அளக்குறீங்க. உடைஞ்சது அந்தக் கை."

"எந்தக் கைம்மா?"

"இது. ஊஞ்சல்ல இருந்து விழுந்தேன்ல. ஆஸ்பத்திரில டாக்டரம்மா ரெண்டு கையையும் படம் புடிச்சாங்க. மாவுக்கட்டு போட்டாங்க, அதுல நான் பூனை வரைஞ்சேன்." பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்திய குரலே கூடம் முழுக்கக் கேட்டது. "யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அப்பா சாக்லெட் வாங்கித் தந்தாரு."

ஐயா வாயைத் திறந்தார். ஊதுவதற்குக்கூட அதில் காற்று இல்லை.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு நின்று, கூச்சல் ஆரம்பித்தது. பதினொரு விரிசல் பையனின் அத்தை சுவரில் இருந்த படங்களைக் கழற்றத் தொடங்கினாள். கீழே மச்சான் எக்ஸ்ரே கடையின் ஷட்டரை இறக்குகிற சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. அந்தச் சந்தடியில் ஓர் அம்மா மட்டும் அசையாமல் நின்றாள். அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை, முழங்கை வீங்கி, எண்ணெய் பளபளக்க.

"நாங்க நாலு நாளா வர்றோம்" என்றாள் தையல்காரியிடம். "வீக்கம் குறையவே இல்ல. இவளுக்கும் நிஜமாவே உடைஞ்சிருக்குமோ?"

"தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காலைல என்கூட வாங்க. ரெண்டு கையையும் படம் எடுக்கச் சொல்லுங்க."

லிஃப்ட் மெக்கானிக் மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டான். கட்டு பிரியவில்லை. படியில் இறங்கும்போது மனைவியின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை. "நான் முடிச்சுல கை வச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னான். அவள் அந்த முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினாள். அதுவே அவனுக்கு நன்றாக உறைத்தது.

மறுநாள் டாக்டரம்மா வாலுவின் எலும்புத் துண்டை அதன் இடத்தில் உட்கார வைத்துக் கம்பி போட்டாள். அந்தப் பெண் குழந்தைக்கும் முறிவுதான். நாலு நாள் நீவியதில் துண்டு இன்னும் விலகிப்போயிருந்தது. ஆனாலும் காலம் கடந்துவிடவில்லை. அவளுக்கு ஆபரேஷன் சாயங்காலம் நடந்தது, டாக்டரம்மாவுக்கு அதில் கூடுதல் பாடு.

நாத்தனார் நாள் முழுவதும் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். டாக்டரம்மா வெளியே வந்ததும் வழிமறித்துப் பிடித்துக்கொண்டாள். "ஏன் ரெண்டு கம்பி? ஒண்ணு போதாதா?" ஒன்று போட்டால் துண்டு அதிலேயே சுழலும், இரண்டு போட்டால் நிற்கும் என்றாள் டாக்டரம்மா. "கம்பி வளர்ற இடத்தைக் கெடுத்துராதா?" மெல்லிசு, வழவழப்பு, ஒரு மாசத்தில் எடுத்துவிடுவோம், அதனால் பெரும்பாலும் கெடுக்காது, ஆனாலும் சில வருஷம் வந்து காட்ட வேண்டும் என்றாள். "பெரும்பாலும்னா? அப்ப கெடுக்கவும் செய்யுமா?" சில பேருக்கு லேசாக மேடு தட்டும், அபூர்வமாக வளர்ச்சி கோணும், அதற்காகத்தான் வரச் சொல்கிறேன் என்றாள். நாத்தனார் விடவில்லை. தம்பிக்குக் கூச்சம் தாங்காமல், "அக்கா, அவங்களை விடு, களைச்சுப்போயிருக்காங்க" என்று இழுத்தான். "கேக்கட்டும், இது அவங்க வீட்டுப் பிள்ளை" என்றாள் டாக்டரம்மா, சுவரில் சாய்ந்துகொண்டே.

இத்தனை கேள்வியில் ஒரே ஒரு கேள்வியை நாத்தனார் அந்த மாடியில் கேட்டிருந்தால் போதும். பரவாயில்லை, பிள்ளையின் கை தப்பியது. உங்கள் பிள்ளையும் நாளைக்கு விழும், விழாத பிள்ளை உண்டா? அப்போது டாக்டரிடமும் கேளுங்கள், ஊதுகிறவரிடமும் கேளுங்கள், இந்தக் கதையைச் சொல்கிற என்னிடமும் கேளுங்கள். கேட்டால் எவனுக்குக் கோபம் வருகிறதோ, அவன் வாசலில் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.